கம்பிக்குள் ஓடுவதை மீட்டர் எப்படி அளக்கிறது? வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் குடியாத்தத்தில் 31 ஆண்டுகளாக மோட்டார் காயில் கட்டும் கடை நடத்துகிறவர். ஆம்பியர் அளப்பது பற்றி வந்த கடிதங்கள் இந்த இதழில்.)

கேள்வி: வீட்டு பிளக்கில் மல்டிமீட்டரின் இரண்டு புரோபையும் வைத்தேன். 231 வோல்ட் காட்டியது. அடுத்து ஆம்பியர் பார்க்கலாம் என்று சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி, அதே பிளக்கில் வைத்தேன். டப்பென்று வெடித்தது. புரோப் நுனி உருகிவிட்டது, மெயின் விழுந்துவிட்டது. மட்டமான மீட்டரை என் தலையில் கட்டிவிட்டார்களா?
— ஐ.டி.ஐ. மாணவர், காட்பாடி

பதில்: தம்பி, கையில் சூடு பட்டிருந்தால் முதலில் அதைக் கவனி. மீட்டரைப் பிறகு பார்க்கலாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நெஞ்சு பதறியது, ஏனென்றால் இதே தப்பைச் செய்து கண்ணில் பொறி பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மீட்டர் மேல் குற்றம் இல்லை. ஏரித் தண்ணீரின் மட்டம் ஒரு உயரத்தில் இருக்கிறது, கழனி அதற்குக் கீழே இருக்கிறது. அந்த உயர வித்தியாசம்தான் வோல்ட். மதகு மூடிக் கிடந்தாலும் வித்தியாசம் அங்கேயே இருக்கும். ஆம்பியர் என்பது மதகைத் திறந்த பிறகு கால்வாயில் ஓடுகிற ஓட்டம். எதுவும் செருகாத பிளக்கில் 230 வோல்ட் உண்டு, ஆம்பியர் பூஜ்யம். நீ அங்கே 10 ஆம்பியர் ஓட்டையில் புரோபை வைத்தபோது மீட்டரே மதகாகத் திறந்துகொண்டது.

கணக்கைப் பார். வோல்ட் பக்கம் வைத்திருக்கும்போது மீட்டருக்குள் 10 லட்சம் ஓம், நல்ல மீட்டராக இருந்தால் 1 கோடி ஓம் தடை இருக்கும். 230-ஐ 1 கோடியால் வகுத்தால் ஓடுவது ஒரு ஆம்பியரில் லட்சத்தில் இரண்டு பங்கு. லைனுக்கு அது உறைக்கவே உறைக்காது. 10 ஆம்பியர் ஓட்டைக்குப் பின்னால் இருப்பதோ வளைத்து வைத்த ஒரு தடித்த கம்பி. அதன் பெயர் ஷன்ட். தடை ஏறக்குறைய 0.01 ஓம். 230-ஐ 0.01-ஆல் வகு: 23,000 ஆம்பியர்! வீட்டு ஒயரின் தடை குறுக்கே நிற்பதால் உண்மையில் அவ்வளவு வராது, ஆனால் சில நூறு ஆம்பியர் தாராளமாக வரும். புரோப் நுனியை உருக்க அது போதும். விலை குறைந்த மீட்டர்களில் அந்த 10 ஆம்பியர் ஓட்டைக்கு ஃபியூஸ்கூட இருக்காது. ஓட்டைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அதை அச்சடித்திருப்பார்கள், எடுத்துப் படித்துப் பார்.

அந்தத் தடையை ஏன் அவ்வளவு குறைவாக வைத்தார்கள் என்று கேட்பாய். பள்ளிகொண்டா டோல்கேட்டை நினைத்துக்கொள். சாலையில் போகும் வண்டிகளை எண்ண வேண்டுமென்றால் ஒவ்வொரு வண்டியும் கேட் வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் கேட்டிலேயே வண்டி தேங்கி நின்றால், எண்ணுவதற்காக வைத்த கேட்டே போக்குவரத்தைக் குறைத்துவிடும். அப்போது கிடைப்பது சாலையின் கணக்கு ஆகாது, கேட்டின் கணக்கு. ஆம்பியர் மீட்டரும் அப்படித்தான். ஓட்டம் முழுவதும் அதற்குள் புகுந்து போக வேண்டும், புகுந்ததே தெரியாமலும் போக வேண்டும். அதனால்தான் பாதையை ஒரு இடத்தில் வெட்டி, வெட்டிய இரண்டு முனைக்கும் நடுவில் மீட்டரை வைக்கிறோம். மீட்டரோடு வரிசையில் ஒரு பல்போ மோட்டாரோ கட்டாயம் இருக்க வேண்டும். அதுதான் ஓட்டத்தை அடக்குகிறது.

ஷன்டில் 5 ஆம்பியர் ஓடினால் அதன் இரு முனைக்கும் நடுவில் 0.05 வோல்ட் உண்டாகும். மீட்டரின் மூளை படிப்பது அந்தக் குட்டி வோல்ட்டைத்தான். அதை ஆம்பியராக மாற்றித் திரையில் எழுதுகிறது. உன் கையில் இருக்கும் டிஜிட்டல் மீட்டர் அடிப்படையில் ஒரு வோல்ட் மீட்டர்தான்.

வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த 1989-ல் நான் வேலூரில் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். சேர்ந்த சில வாரத்தில், டிராக்டர் பேட்டரியில் எவ்வளவு ஆம்பியர் இருக்கிறது பார்க்கலாம் என்று ஒரு டி.சி. ஆம்பியர் மீட்டரை நேராக அதன் இரண்டு முனையிலும் வைத்தேன். முள் கடைசிவரை பாய்ந்து, தடுப்புக் கம்பியில் மோதி வளைந்துவிட்டது. முதலாளி அடிக்கவில்லை. மீட்டரைப் பிரித்து என் எதிரில் வைத்தார். லாட வடிவத்தில் காந்தம். அதன் நடுவில் தலைமுடி மாதிரியான கம்பியில் சுற்றிய சின்ன காயில். மேலும் கீழும் கடிகார வில் போலச் சுருள் வில். காயிலில் கரண்ட் ஓடினால் காந்தம் அதைத் திருப்பும், வில் பிடித்து இழுக்கும், இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். அந்தக் காயில் தாங்குவது ஆயிரத்தில் ஒரு ஆம்பியர். மீதி முழுவதும் பக்கத்தில் இருந்த ஒரு பட்டை வழியாகப் போகிறது. "இந்தப் பட்டைதான்டா மீட்டர், முள் வெறும் கணக்குப்பிள்ளை" என்றார். பிறகு எத்தனையோ புத்தகம் படித்தேன், அந்த ஒரு வரிக்கு மேல் எதுவும் எனக்குத் தெளிவாகச் சொல்லவில்லை.

அந்தப் பட்டை செம்பு இல்லை. மாங்கனின் என்ற கலவை உலோகம்: பெரும்பங்கு செம்பு, அதில் மாங்கனீசும் கொஞ்சம் நிக்கலும். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் அளவு வைத்த செம்புப் பட்டையை நம் ஊர் கத்தரி வெயிலில் 42 டிகிரியில் வைத்தால், 10 ஆம்பியர் ஓடும்போது பதினொன்றுக்குப் பக்கத்தில் காட்டும். மாங்கனின் அசையாது. எட்வர்ட் வெஸ்டன் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்டுபிடித்தது இது. வெயிலூர் என்று பெயர் வாங்கிய ஊரில் வேலை செய்கிற நாம் அவரை நன்றியோடு நினைக்க வேண்டும்.

கேள்வி: போர் மோட்டார் பார்க்க வந்த மெக்கானிக், நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு மீட்டரை ஒயர் மேல் மாட்டியே 8 ஆம்பியர் என்றார். கம்பியைத் தொடவே இல்லை. நானும் ஒன்று வாங்கி வந்து டேபிள் ஃபேன் ஒயரில் மாட்டினேன். பூஜ்யம்தான் காட்டுகிறது. ஏன்?
— விவசாயி, அணைக்கட்டு

பதில்: ஐயா, உங்கள் மீட்டர் சரியாகத்தான் சொல்கிறது. ஃபேன் ஒயருக்குள் இரண்டு கம்பி இருக்கின்றன. ஒன்றில் போகும் கரண்ட் இன்னொன்றில் அப்படியே திரும்பி வருகிறது. இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் போனதும் வந்ததும் கழிந்து பூஜ்யம். ஒயரின் மேல்தோலை மட்டும் பிரித்து, ஒரே ஒரு கம்பியைக் கொடுக்குக்குள் விடுங்கள். ஸ்விட்சை நிறுத்திவிட்டுப் பிரியுங்கள். உள் இன்சுலேஷனில் கத்தி படக்கூடாது.

தொடாமல் எப்படி அளக்கிறது என்பதற்கு 1820-க்குப் போக வேண்டும். டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்தில் ஓர்ஸ்டெட் என்ற பேராசிரியர், கரண்ட் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த திசைகாட்டி முள் திரும்புவதைப் பார்த்தார். கரண்ட் ஓடும் எந்தக் கம்பியைச் சுற்றியும் காந்தம் வளையமாக நிற்கிறது. கம்பியின் மேல் ரப்பர் இருந்தாலும் பிளாஸ்டிக் இருந்தாலும் அது காந்தத்தை மறைக்காது. பதினொரு ஆண்டு கழித்து ஃபாரடே, காந்தம் மாறிக்கொண்டே இருந்தால் பக்கத்துக் காயிலில் கரண்ட் உண்டாகும் என்று காட்டினார். நம் ஏ.சி. கரண்ட் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஓடுவதால் அதன் காந்தமும் அப்படியே மாறுகிறது.

உங்கள் கொடுக்கு மீட்டருக்குப் பெயர் டாங் டெஸ்டர். அதன் கொடுக்குக்குள் இரும்புத் தகடுகள் இருக்கின்றன, அவற்றின் மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கிறது. உங்கள் மோட்டார் கம்பி கொடுக்குக்குள் ஒருமுறை நுழைந்து போவதே ஒரு சுற்று. உள்ளே 1,000 சுற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே 8 ஆம்பியர் என்றால் உள்ளே அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 8 மில்லி ஆம்பியர். சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான், வேறொன்றும் இல்லை. கரண்ட் குறைவாக இருந்து எண் சரியாகத் தெரியவில்லையா? அதே கம்பியைக் கொடுக்கில் பத்து சுற்று சுற்றுங்கள். காட்டுவதைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சங்கதியைக் கவனமாகக் கேளுங்கள். கொடுக்கின் இரண்டு வாயும் ஒன்றோடொன்று படிந்து மூட வேண்டும். நடுவில் ஒரு முடி அளவு இடைவெளி இருந்தாலும் காந்தம் கசியும், எண் குறையும். எங்கள் கடையில் ஒருமுறை கொடுக்கு வாயில் காயிலுக்கு ஊற்றும் வார்னிஷ் சொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. நான் கவனிக்கவில்லை. புதிதாகக் காயில் கட்டிய மோட்டார் 6 ஆம்பியர் என்று காட்டியது, நல்லபடி ஓடுகிறது என்று கொடுத்து அனுப்பினேன். உண்மையில் அது 9-க்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தது. நான்காம் நாள் எரிந்து திரும்பி வந்தது. கூலி வாங்காமல் திரும்பக் கட்டிக் கொடுத்தேன், ஆனால் அந்த வாரம் முழுவதும் மோட்டார்க்காரருடைய மல்லித் தோட்டம் காய்ந்தது காய்ந்ததுதான். அதிலிருந்து காலையில் கடை திறந்ததும் கொடுக்கு வாயைத் துணியால் துடைக்காமல் நான் மீட்டரைத் தொடுவதில்லை.

மூன்று ஃபேஸ் மோட்டாரில் மூன்று கம்பியையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று பூஜ்யம், மற்ற இரண்டும் எகிறி நிற்கிறது என்றால் ஒரு ஃபேஸ் வரவில்லை, பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபியூஸ் போயிருக்கும். உடனே நிறுத்துங்கள். அப்படி ஓடி எரிந்த மோட்டாரைப் பிரித்தால் எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். ஸ்டாரில் (மூன்று காயிலின் ஒரு முனையை ஒன்றாக முடிந்து) கட்டிய மோட்டார் என்றால் இரண்டு ஃபேஸ் காயில் கரியாகி, மூன்றாவது புதுசு மாதிரி மின்னும். டெல்டா (மூன்றையும் முக்கோணமாக இணைத்தது) என்றால் ஒன்று கரி, இரண்டு நல்லபடி.

நீங்கள் ஃபேன் ஒயரில் பார்த்த பூஜ்யம் இன்னொரு இடத்தில் உயிரைக் காப்பாற்றுகிறது. வீட்டு மெயினில் மாட்டும் ஆர்.சி.சி.பி. என்ற, கசிவு கண்டால் வெட்டும் சுவிட்சுக்குள் இதே வளையம்தான் இருக்கிறது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் சேர்ந்து அதற்குள் போகின்றன. யாருக்காவது ஷாக் அடித்து, கரண்டின் ஒரு பகுதி உடம்பு வழியாக மண்ணுக்குப் போனால், போனதும் வந்ததும் கழியாது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண் மூடித் திறப்பதற்குள் லைனை வெட்டிவிடும். பம்ப் செட் கொட்டகையில் ஈரக் காலோடு நிற்கிறவர் நீங்கள். மீட்டருக்குச் செலவு செய்த கையோடு இதற்கும் செய்யுங்கள்.

கேள்வி: ஸ்டார்டர் பெட்டியில் இருக்கும் ஆம்பியர் மீட்டர் முள், போரில் தண்ணீர் குறைந்தால் கீழே இறங்குகிறது. தண்ணீர் இல்லாமல் மோட்டார் திணறும்போது கரண்ட் அதிகமாகத்தானே இழுக்க வேண்டும்?
— பாலாற்றங்கரை விவசாயி, மேல்பட்டி

பதில்: திணறவில்லை, சும்மா சுற்றுகிறது. தண்ணீரைத் தூக்குவதுதான் மோட்டாருக்குப் பாரம். தூக்க ஒன்றும் இல்லை என்றால் பாரம் இல்லை. 5 எச்.பி. மோட்டார் நிறைய தண்ணீர் தள்ளும்போது ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். தண்ணீர் நின்றால் நன்றாக இறங்கும், ஆனால் பூஜ்யத்துக்குப் போகாது. மோட்டாருக்குள் காந்தத்தை உண்டாக்கவே ஒரு பங்கு கரண்ட் வேண்டும். முள் இறங்கியதும் நிறுத்திவிடுங்கள். சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் குளிர்ச்சியும், சுற்றும் தண்டைத் தாங்கும் புஷ்ஷுக்கு வழுவழுப்பும் தண்ணீர்தான் தருகிறது. ட்ரை ரன் ரிலே என்று விற்பது இந்த இறக்கத்தைப் பார்த்துத் தானாக நிறுத்தும் கருவி.

அந்தப் பெட்டி மீட்டருக்குள் நிலைக்காந்தம் கிடையாது. காயிலுக்குள் இரண்டு மெல்லிய இரும்புத் துண்டு, ஒன்று நிலையானது, ஒன்று முள்ளோடு சேர்ந்தது. கரண்ட் ஓடினால் இரண்டும் ஒரே மாதிரி காந்தமாகி ஒன்றை ஒன்று தள்ளும். கரண்ட் எந்தப் பக்கம் ஓடினாலும் தள்ளத்தான் செய்யும், அதனால் ஏ.சி.க்கு ஏற்றது. தள்ளும் விசை கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால்தான் தட்டில் தொடக்க எண்கள் நெருக்கியடித்துக்கொண்டும், மேலே போகப் போக விரிந்தும் இருக்கின்றன. ஆன் செய்ததும் முள் ஒரு துள்ளு துள்ளி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கிளம்பும்போது மோட்டார் ஐந்தாறு மடங்கு இழுப்பதைத்தான் அது காட்டுகிறது. துள்ளிய முள் இறங்காமல் மேலேயே நின்றால் மோட்டார் சிக்கிக்கொண்டது என்று அர்த்தம்.

கேள்வி: ஒரு ஆம்பியர் என்றால் எவ்வளவு? யார் முடிவு செய்தார்கள்?
— பத்தாம் வகுப்பு மாணவி, ஆரணி

பதில்: கண்ணு, ஒரு கம்பியின் ஒரு இடத்தை ஒரு நொடியில் சுமார் 62,400 கோடி கோடி எலக்ட்ரான் கடந்தால் அது ஒரு ஆம்பியர். பெயர் பிரான்ஸ் நாட்டு ஆம்பேருடையது. ஓர்ஸ்டெட் கண்டது காதில் விழுந்த அதே 1820-ல், கரண்ட் ஓடும் இரண்டு கம்பிகள் ஒன்றை ஒன்று இழுப்பதையும் தள்ளுவதையும் அவர் காட்டினார். 1948 முதல் ஒரு ஆம்பியரை அந்த இழுப்பு விசையை வைத்தே சொன்னார்கள். நம் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த 2019-ஆம் ஆண்டு மே 20 முதல், ஒரு எலக்ட்ரானின் மின்னேற்றத்தை நிலையான எண்ணாக வைத்து அதிலிருந்து ஆம்பியரைச் சொல்கிறார்கள். உன் பள்ளி ஆய்வகத்தில் டேன்ஜென்ட் கால்வனாமீட்டர் என்று வட்ட வளையத்துக்கு நடுவில் திசைகாட்டி வைத்த கருவி இருந்தால், ஆசிரியரிடம் கேட்டுக் கையில் எடுத்துப் பார். ஓர்ஸ்டெட் பார்த்ததை நீயும் பார்க்கலாம்.

கேள்வி: வீட்டு ஈ.பி. மீட்டரில் சக்கரம் இல்லை, சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டுகிறது. அதை நம்பலாமா?
— இல்லத்தரசி, குடியாத்தம்

பதில்: அம்மா, நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று எழுதியிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1,000 வாட் அயர்ன் பாக்ஸை மட்டும் போடுங்கள். மணிக்கு ஒரு யூனிட், அதாவது நிமிடத்துக்கு 53 சிமிட்டல். அயர்ன் பாக்ஸ் சூடேறித் தானாக அணைவதற்குள் எண்ணிவிடுங்கள். ஐம்பதை ஒட்டி வந்தால் மீட்டர் ஒழுங்காக இருக்கிறது. உள்ளே ஷன்டோ சின்ன காயிலோ கரண்டை அளக்கிறது, அதை வோல்ட்டோடு பெருக்கிச் சேர்த்துக்கொண்டே போகிறது.

எல்லாம் அணைத்த பிறகும் எர்த் என்று குறித்த விளக்கு எரிந்தால், ஃபேஸில் போனதும் நியூட்ரலில் வந்ததும் ஒத்துப்போகவில்லை. வாட்டர் ஹீட்டர் கசிவாக இருக்கலாம், பக்கத்துப் போர்ஷன் நியூட்ரல் கலந்திருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சோலார் பேனல் ஒயரில் டாங் டெஸ்டர் ஏன் பூஜ்யம் காட்டுகிறது? ஒற்றைக் கம்பியில்தான் மாட்டினேன்.
— கடைக்காரர், ராணிப்பேட்டை

பதில்: பேனலில் வருவது டி.சி., ஒரே பக்கமாக ஓடும் கரண்ட். அதன் காந்தம் அசையாமல் நிற்கும், காயிலுக்கு ஒன்றும் கிடைக்காது. ஏ.சி., டி.சி. இரண்டும் பார்க்கும் கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள். அதன் கொடுக்கு வாயிடுக்கில், 1879-ல் எட்வின் ஹால் கண்ட விளைவில் வேலை செய்யும் ஒரு சில்லு இருக்கும். நிற்கும் காந்தமும் அதற்குத் தெரியும். கம்பியில் மாட்டும் முன் ஜீரோ பட்டனை அழுத்துங்கள், பூமியின் காந்தம்கூட அதன் கணக்கில் ஏறிவிடும்.

கேள்வி: தோல் ஷாப்பில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். பேனலில் 100/5 சி.டி.யில் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) இருந்த ஆம்பியர் மீட்டர் பழுது. லோடு ஓடும்போதே மீட்டர் ஒயரைக் கழற்றினேன், பெரிய பொறி பறந்தது. வெறும் 5 ஆம்பியர் ஒயர்தானே?
— வாசகர், ஆம்பூர்

பதில்: தம்பி, இனி அதைச் செய்யாதே. சி.டி.யும் டாங் டெஸ்டர் கொடுக்கும் ஒரே ஜாதி. மெயின் பட்டையில் 100 ஆம்பியர் ஓடினால் இந்தப் பக்கம் 5 ஆம்பியர் ஓடி, மெயினின் காந்தத்தை எதிர்த்து அடக்கி வைக்கிறது. நீ ஒயரைக் கழற்றியதும் எதிர்க்க ஆள் இல்லை. மெயினின் காந்தம் முழுவதும் இரும்பில் ஏறி, திறந்த முனையில் நூற்றுக்கணக்கான வோல்ட், பெரிய சி.டி.யில் ஆயிரக்கணக்கான வோல்ட், கூர்கூராக எழும்பும். அது ஆளைக் கொல்லும். டாங் டெஸ்டரில் இந்தப் பயம் இல்லை, உள் காயிலின் முனைகள் எப்போதும் ஒரு சின்ன தடையோடு சேர்த்தே இருக்கும்.

லோடை நிறுத்த முடிந்தால் நிறுத்து. மேனேஜர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. முடியவே முடியாது என்றால், டெர்மினலில் சி.டி.யின் இரண்டு முனையையும் முதலில் தடித்த லிங்க் போட்டு ஷார்ட் செய். அது இறுகியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்த பிறகு மீட்டர் ஒயரில் கை வை. புது மீட்டர் மாட்டி முடித்ததும் லிங்கை எடுத்துவிடு, எடுக்காவிட்டால் முள் அசையாது. சி.டி.யின் ஒரு முனை எர்த்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

ஒருமுறை திறந்து பொறி பறந்த சி.டி.யின் இரும்பில் காந்தம் மிச்சம் தங்கியிருக்கும், இன்சுலேஷனும் அடி வாங்கியிருக்கலாம். பேனல் மீட்டர் காட்டுவதையும், அதே ஃபேஸில் டாங் டெஸ்டர் காட்டுவதையும் ஒரே நேரத்தில் குறித்து வை. இரண்டும் விலகினால் சி.டி.யை மாற்றச் சொல். அந்த இரண்டு எண்ணையும் எனக்கும் எழுதி அனுப்பு.